வீட்டுக்குப் போகிற அடி

டெஸ்மண்டை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய அன்று சாயங்காலம், பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்து, ஆட்கள் சைக்கிளும் ஸ்கூட்டருமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், அந்த மனுஷன் தன் ஆயுசில் அடித்த அடியெல்லாம் வரிசை மாறாமல் திரும்பி வர ஆரம்பித்தது.

முதலில் வந்தது பிஸ்கட் டின். கார்மேல் அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, பேச்சும் போய்விட்ட புருஷனுக்கு எந்தக் கரண்டியால் ஊட்டினால் சிந்தாது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, கட்டில் கிடந்த அறையிலிருந்து டின்னைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் கை இரண்டும் போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. சத்தம் அவரிடமிருந்தும் வரவில்லை, சுவரிலிருந்தும் வரவில்லை. மழைக்கு முந்தின மண்வாசனை மாதிரி எங்கிருந்து என்று சொல்ல முடியாமல் அறை முழுக்க நின்றது. கொஞ்ச நேரம் குஷியாகத் தட்டிவிட்டு, பாதியிலேயே வெடுக்கென்று நின்றுபோனது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சின்னப் பிள்ளையில் ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு அம்மாவின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அடித்ததையும், அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்ததையும், கல்யாணமான புதிதில் அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"சரி, முதல்லேருந்து வருது போல," என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கார்மேல் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

அடுத்தடுத்த நாள்களில் ரயில்வே பள்ளிக்கூட பேண்டு வந்தது, பிறகு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலின் டான்ஸ் ராத்திரிகள் வந்தன. எந்த ராத்திரியில் அடித்ததாக இருந்தாலும் சரி, வருவது என்னவோ சங்கு ஊதி முடிந்த சாயங்காலத்தில்தான். கிடார் வராது, பாட்டு வராது, கைதட்டல் வராது. டெஸ்மண்டின் டிரம்ஸ் மட்டும் வரும். தெரு முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குப் பழகிக்கொண்டது போலத்தான் இதற்கும். டியூஷன் டீச்சர் பிள்ளைகளை அதிகாலைக்கு மாற்றினாள். மாவு மில்காரன் அந்த நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். ஜெபித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்த சத்தம், அவர் 'ஆமென்' சொன்னதும் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கிளம்பியதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தாளம் தப்பல, அம்மா. தாளம் தப்பாத இடத்துல பிசாசு இருக்காது," என்று சொல்லிவிட்டு, மாலைப் பூசையை அரை மணி நேரம் தள்ளிவைத்தார்.

ஆஸ்திரேலியாவில், பெர்த் ஊரிலிருந்த மகன் போனில் கேட்டான்: "மம்மி, பின்னால யாரு வாசிக்கிறது?"

"உங்க டாடிதான்."

"அவருதான் படுத்திருக்காரே."

"படுத்துக்கிட்டுதான் இருக்காரு. நீ சாப்பிட்டியாப்பா?"

டெஸ்மண்ட் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தார் என்பதைத் தெருவின் இளசுகள் அப்போதுதான் தெரிந்துகொண்டன. அவர்களுக்குத் தெரிந்த டெஸ்மண்ட், அரைக்கால் சட்டையும் வலைப் பையுமாகச் சந்தைக்குப் போய்க் கெளுத்தி மீனுக்குப் பேரம் பேசுகிற, கழுத்துக்குப் பின்னால் வெந்த தழும்புள்ள, ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் தாத்தா. இப்போது வந்தவரோ தோள்வரை முடி வளர்த்து, ப்ளூ சிக்னல்ஸ் என்ற கோஷ்டியோடு பெங்களூர் ஓட்டல்களிலும் ஊட்டி சீசனிலும் காலேஜ் விழாக்களிலும் ராக் வாசித்து, ஒரு நிகழ்ச்சிக்கு நாலு குச்சியாவது உடைத்தவர். பம்பாயில் காபரேக்காரி ஒருத்தியின் கொலுசுக்கு அடித்தவர். கோடம்பாக்கத்தில் சண்டைக் காட்சிக்கெல்லாம் கை கொடுத்தவர். கப்பலில் சிங்கப்பூர் வரைக்கும் போய், புயலில் டிரம்ஸ் உருண்டு ஓட ஓடத் துரத்திக்கொண்டே வாசித்தவர். அந்தக் கப்பல் சாயங்காலத்தில் தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டில் இரண்டு விழுந்து உடைந்தன.

ப்ளூ சிக்னல்ஸில் பேஸ் கிடார் வாசித்த ராட்னி, ஒத்தை மூட்டு வலியோடு கிராப்பட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, வாசலில் நாற்காலி போட்டு, வருகிற அடிக்குத் தன் பங்கை வாசிக்க ஆரம்பித்தார்.

"உன் புருஷனுக்கு இப்பவும் எனக்காகக் காத்திருக்கத் தெரியல பாரு, கார்மேல். அன்னைக்கும் இப்படித்தான், முன்னால ஓடுவான். இடியட்."

"நீங்க லேட்டா வாசிக்கிறீங்கன்னு அவர் சொல்வாரு."

"பேச்சு வந்தா சொல்லட்டும் மேன். நான் காத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றவர் குனிந்து கிடார் கம்பியை முறுக்கிச் சரிசெய்தார்.

தெரு எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது வீட்டுக்குப் போகிற அடியை. இன்ஸ்டிட்யூட் ஹாலில் டான்ஸ் முடியும்போது போதையில் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்பதால், கமிட்டிக்காரர்கள் கேட்டு டெஸ்மண்ட் உண்டாக்கின அடி அது. பெரிய டிரம்மில் இரண்டு, விளிம்பில் ஒன்று. பெரிய டிரம்மில் இரண்டு, விளிம்பில் ஒன்று. அது கேட்டதும் பாதி நடனத்தில் இருந்தவர்களும் கையை விட்டுவிட்டு, கோட்டையும் தூங்குகிற குழந்தையையும் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிடுவார்களாம். தெருவிலும் அப்படியே ஆனது. ஹால் டான்ஸ் வந்த வாரங்களில் அந்த அடி கேட்கக் கேட்க, கேட்ட மாத்திரத்தில் எழுந்து நாற்காலியை மடக்குகிற பழக்கம் எல்லாருக்கும் காலில் ஏறிவிட்டது. ஹால் மூடியதோடு அந்த அடியையும் அவர் விட்டுவிட்டார். வீட்டில் ஒரு நாளும் வாசித்ததில்லை. கார்மேல் ஒருதரம் ஆசையாகக் கேட்டதற்கு, "வீட்டுக்குள்ள அதை அடிச்சா வீட்டை விட்டு யாராவது போயிடுவாங்க, கேர்ள்," என்று குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அதில் அவருக்கு அப்படி ஒரு பயம்.

அவருடைய பயத்துக்கென்றே ஓர் அடையாளம் இருந்தது. அது கார்மேலுக்கு மட்டும் தெரியும். அவர் கை எந்தக் காலத்திலும் பிசகாது. ஆனால் மனசுக்குள் பயம் விழுந்துவிட்டால் பெரிய டிரம்மை மிதிக்கிற கால் மட்டும் கையை முந்திக்கொண்டு ஒரு மயிரிழை முன்னால் ஓடும். பெங்களூர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவரின் காதில் அம்மா செத்த சேதியைச் சொன்ன அந்த நிகழ்ச்சி திரும்பி வந்தபோது, தெரு தலையாட்டி ரசித்துக்கொண்டிருக்க, கார்மேல் ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு உள்ளே போய், அவருடைய உணர்வு செத்த வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அடுத்த வீட்டு ஜைத்தூன் அக்கா மதில் ஓரம் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது இடுப்பளவு மதில்தான். கிறிஸ்துமஸ் கல்கல் பலகாரம் அதன்மேல்தான் போகும், நோன்புக் கஞ்சி அதன்மேல்தான் வரும். ஆனால் மகன் காதர் செத்ததிலிருந்து ஜைத்தூன் அக்கா அதைச் சுற்றி இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வரமாட்டேன் என்று சொன்னதுமில்லை. இவளும் வா என்று கூப்பிடத் துணியவில்லை.

"கார்மேலு, எந்த வருசத்துல இருக்காரு இப்ப?"

"பெங்களூர்ல இருக்காருக்கா."

"அப்ப அந்த நாளும் வந்துரும்ல?"

கார்மேல் மதிலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள்.

"அந்த ஆள் கையும் காலும் உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டி. இத்தினி நாளா நான் ஒண்ணும் கேட்டதில்ல. அது வர்ற அன்னைக்கு நீ காது குடுத்துக் கேட்டு எனக்கு ஒரே வார்த்த சொல்லணும். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா நான் அல்லா மேல போட்டுட்டுப் போறேன். தெரியும்னா..." அவள் மதில்மேல் கையை ஊன்றினாள். "பொய் மட்டும் சொல்லிராத."

அந்த நாளைப் பற்றிப் பொன்மலையில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வெளியூரில், தகரக் கூரை போட்ட ஒரு பழைய சினிமாக் கொட்டகையில், பகல் நிகழ்ச்சி. காதர் அப்போது ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ். டெஸ்மண்ட் வீட்டில் பிராக்டிஸ் நடக்கும்போதெல்லாம் இந்த மதிலில் தொத்திக்கொண்டு காலாட்டிக் கேட்கிற பையன். "நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன், அக்கா," என்று டெஸ்மண்ட்தான் ஜைத்தூனிடம் சொல்லி அவனை வேனில் ஏற்றிக்கொண்டார். அவள் இருவருக்குமாகத் தேங்காய்ச் சோறு கட்டிக் கொடுத்தாள். முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் ராக் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. கிடாரும் மைக்கும் ஊமையாகிவிடும். டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம். ஜெனரேட்டர் கிளம்பும்வரை மற்றவர்கள் பின்னால் போய்விட, டிரம்ஸ்காரர் தனியாக வாசித்துக் கூட்டம் கலையாமல் பிடித்துவைக்க வேண்டும். ஜனங்களுக்கும் அது தெரியும். இருட்டில் டிரம்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால் உட்கார்ந்திரு, இப்போது வந்துவிடும் என்று அர்த்தம். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் போனது அவர்கள் முதுகுக்குப் பின்னால், புரொஜெக்டர் கேபினில் பிடித்த நெருப்பால். கூரைக்கு அடியில் கட்டியிருந்த துணி மொத்தமும் தீப்பிடித்து ஒரே சமயத்தில் இறங்கியபோது காதர் முன்வரிசையில் இருந்தான். ஜனங்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரே ஆள் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை அமைதியாக வைத்திருந்த வீரர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. கூட்டத்தைப் பிடித்துவைத்துக் கொன்றவன் என்று பிழைத்து வந்தவர்கள் காறித் துப்பினார்கள். டெஸ்மண்ட் கழுத்தில் கட்டோடு வந்து படுத்தவர், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் கரண்ட் போன நொடியில் குச்சிகளைத் தூர எறிந்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனாலேயே கோஷ்டிகள் அவரைக் கழித்துவிட்டன. நெருப்பைப் பார்த்தீர்களா என்று கார்மேலும் கேட்டதில்லை. 'தெரியும்' என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு போட்ட கையை என்ன செய்வது?

சாயங்காலங்கள் அந்த நாளை நெருங்கிக்கொண்டே வந்தன. ராட்னிதான் கணக்காகச் சொன்னார்: "நாளைக்கு இல்லேன்னா மறுநாள், கார்மேல்." மறுநாள் காலையிலேயே கார்மேல் கோயிலுக்குப் போய், மாதா பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மா, நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அந்தப் பக்கம் நிற்பதா இந்தப் பக்கம் நிற்பதா என்று எனக்குச் சொல்லு என்று முழங்காலில் நின்று கேட்டாள். மாதா எப்போதும் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. தெரு நிறைந்திருந்தது, ஆனால் பெட்டிக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார், பிள்ளைகளை யாரும் விளையாட விடவில்லை. ஜைத்தூன் அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தாள். கார்மேல் இந்தப் பக்கம் நின்றாள். அடி வந்தது. குஷியான அடிதான், ராட்னியின் விரல்கள் தாமாகவே கூடப் போயின. மூன்றாவது பாட்டில் அவர் விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

"இங்கதான். இங்கதான் கரண்ட் போச்சு. நான் ஜெனரேட்டரைப் பார்க்க வெளிய போயிட்டேன், லேடீஸ். நான் வெளியதான் இருந்தேன். காட் ப்ராமிஸ்," என்று யாரும் கேட்காமலேயே எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

டிரம்ஸ் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு வாசிப்பை அந்தத் தெரு இத்தனை மாசமும் கேட்டதில்லை. உருண்டு உருண்டு வந்து, விழப்போகிற இடத்தில் விழாமல் எழுந்து, கேட்கிறவர்களின் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு போனது. கால் கையோடு சேர்ந்துதான் வந்தது. கார்மேலின் மனசு, தெரியாது, அவருக்குத் தெரியாது, அருள் நிறைந்த மரியே அவருக்குத் தெரியாது என்று ஜெபமாலை மணியைத் தள்ளத் தள்ள, அங்கே கால் முந்தியது.

மயிரிழைதான். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு யாருக்கும் கேட்கிற அளவுக்குக் கால் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஜைத்தூன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம்ஸ் ஒரு மூச்சு நின்றது. நின்று, பெரிய டிரம்மில் இரண்டு விழுந்தது, விளிம்பில் ஒன்று விழுந்தது. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. தோல் கிழிகிற மாதிரி, கட்டை ஒடிகிற மாதிரி.

தெரு எழுந்தது. யாரும் யோசிக்கவில்லை. நாற்காலிகள் மடங்கின, பெண்கள் மடியிலிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், மாவு மில்காரன் சட்டையை உதறிக்கொண்டான், சுண்டல்காரன் அடுப்பைத் தணித்துவிட்டு வண்டியைத் திருப்பினான், எல்லாரும் முட்டாமல் மோதாமல் வரிசையாகத் தங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். தெரு காலியாகிக்கொண்டே வந்தது. அடி மட்டும் நிற்கவில்லை. எழுந்து போகச் சொல்லி, எழுந்து போகச் சொல்லி, எழுந்து போகாத ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. கைதட்டல் திரும்பி வருவதில்லை என்றாலும், அன்று அந்த அடிக்குத் தாளமாக எத்தனை கைகள் தட்டியிருக்கும் என்பது கார்மேலுக்குக் கேட்டது.

கடைசியில் அதுவும் நின்றது. மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

"இது ஹால்ல அடிப்பாரே, அந்த அடிதானே? போகச் சொல்ற அடி?"

"ஆமாங்க்கா."

"அப்ப அவருக்குத் தெரியும்."

பொய் நாக்குவரை வந்து நின்றது. கார்மேல் அதை விழுங்கினாள். "தெரியும், அக்கா. பார்த்துட்டாரு. போங்கன்னுதான் சொல்லியிருக்காரு."

"அந்த ஊர்க்காரனுக்கு பொன்மலை டான்ஸ் ஹாலு அடி எப்படிடி தெரியும்?" ஜைத்தூன் எழுந்தாள். "எம் மவனுக்கே தெரியாதே. அவன் பொறந்து வளர்றதுக்குள்ள ஹாலை மூடிட்டாங்க. இந்தச் செவுத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டான், இதை மட்டும் கேட்டதில்லையே."

கார்மேலுக்கு அவர் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் அதை அடித்தால் வீட்டை விட்டு யாராவது போய்விடுவார்கள் என்றிருந்தாரே.

ஜைத்தூன் அக்கா மதிலைச் சுற்றி வந்தாள். செருப்பை வாசலில் விட்டு, நேராக உள்ளே நடந்து, கட்டிலருகே போய் நின்றாள். டெஸ்மண்டின் இடது கண் அவளைப் பார்த்தது. அவள் வெகுநேரம் அந்தக் கோணிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் தொறந்து கத்தியிருக்கலாமே, தம்பி," என்றாள். "கொரல் இருந்துச்சே அப்ப."

அவர் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. வார்த்தையாக வரவில்லை. அவள் குனிந்து, கடைவாயில் வழிந்த எச்சிலைத் தன் துப்பட்டி முனையால் துடைத்துவிட்டு வெளியே போனாள். மன்னித்தாளா என்று கார்மேல் கேட்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவும் இல்லை.

மறுநாள் அடுத்த வருஷத்துக்காகத் தெரு காத்திருந்தது. வரவில்லை. அதே கொட்டகைதான் வந்தது. அதற்கு மறுநாளும் அதேதான். கோயில் கூட்டங்களில் வாசித்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும், பேரனை மடியில் வைத்து மேஜையில் தட்டினதும் வரிசையில் நின்றபடி நின்றுவிட்டன. அந்த மனுஷனின் ஆயுசு அந்தச் சாயங்காலத்தைத் தாண்டி வர மறுத்தது. தெரு அதற்கும் பழகிக்கொண்டது. பூசை நேரம் மறுபடி மாறியது, ராட்னி வருவதை நிறுத்திக்கொண்டார், சுண்டல்காரன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். கிழடுகளும் பிள்ளைகளும் சங்கு ஊதியதும் வந்து உட்கார்ந்து, கால் முந்துகிறவரை கேட்டு, இரண்டும் ஒன்றும் விழுந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அப்படிப் போகவேண்டியது தங்கள் கடமை என்று நினைத்த மாதிரி, காய்ச்சலில் கிடந்தவர்கள்கூட அந்த நேரத்தில் படுக்கையை விட்டு எழுந்து இரண்டு எட்டு நடந்துவிட்டுப் படுத்தார்கள்.

ஜைத்தூன் அக்காவும் தினம் வந்தாள். இப்போது அவள் நாற்காலி மதிலுக்கு இந்தப் பக்கம், கட்டில் கிடந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் யாரும் உட்காராமல் கார்மேல் பார்த்துக்கொண்டாள். உள்ளே டெஸ்மண்ட் மூச்சு வாங்க வாங்கக் கிடக்க, அடி சூடேறி, கால் தறிகெட்டு, ஒரு மூச்சு நின்று, பெரிய டிரம்மில் இரண்டும் விளிம்பில் ஒன்றும் விழும்போது, அவள் எழுந்து பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டுவாள்.

"எந்திரி காதரு. போகச் சொல்றாரு, கேக்குதுல்ல? வா, போவோம்."

நீட்டின கை கனத்துத் தாழும். அந்தக் கையை விடாமல், ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல், அவள் தன் வாசல்வரை மெதுவாக நடந்துபோவாள். கதவைத் தாழ்போடுகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அறைக்குள் டிரம்ஸ் நிற்கும்.